எந்த ஒயர் எங்கே போகிறது: ஒரு சின்ன நெட்வொர்க்கைத் தாளில் இறக்குவது எப்படி

போன ஐப்பசியில் கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம் ஒரு முந்திரி ஆலையில் இடி விழுந்தது. ஆலை மேல் இல்லை, மதிலோரத் தென்னை மேல். ஆனால் அந்தத் தென்னையை ஒட்டித்தான் கேட் கேமராவின் கேபிள் போகிறது. அந்த வழியாக உள்ளே வந்தது, அலுவலகத்தில் இருந்த 24 போர்ட் நெட்வொர்க் ஸ்விட்சையும் (24 கேபிள் செருகும் ஓட்டை உள்ள, கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) முடித்துவிட்டது. மறுநாள் காலை 9 மணிக்குப் புது ஸ்விட்சோடு போய் நின்றேன். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட அரை மணி நேரம் என்பது என் கணக்கு. வீட்டுக்குக் கிளம்பும்போது ராத்திரி 11.

பழைய ஸ்விட்சில் 19 கேபிள். ஒன்றிலாவது ஒரு எழுத்து, ஒரு எண், ஒரு துண்டு டேப்? கிடையாது. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். மாட்டினேன், 13 போர்ட்டில் விளக்கு எரிந்தது, 6 செத்துக் கிடந்தது. அந்த ஆறும் எங்கே போகின்றன என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. "அத போட்ட பையனுக்குத்தான் தெரியும் மக்களே, அவன் இப்போ மஸ்கட்லயாக்கும்" என்றார் முதலாளி. மஸ்கட்டுக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டோம். ஆள் டூட்டியில் இருந்தான், எடுக்கவில்லை.

மதியம் மூன்று மணிக்கு மேல், சரி இனி மேலே ஏறிப் பார்க்காமல் வழியில்லை என்று ஏணி போட்டு ஃபால்ஸ் சீலிங்கின் ஒரு பலகையைத் தூக்கினால், எலிப்புழுக்கைக்கு நடுவே ஒரு 5 போர்ட் ஸ்விட்ச் உட்கார்ந்திருந்தது, அடாப்டர் கருகி. கிரேடிங் (தரம் பிரிக்கும்) பகுதியின் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு கேமரா எல்லாம் அதில்தான் தொங்கின. அதை அங்கே வைத்தவன் ஒரு தீப்பெட்டி அட்டையில் 'கிரேடிங் சீலிங்கில் ஒரு ஸ்விட்ச் உண்டு' என்று எழுதிக் கீழே ரேக்கில் ஒட்டியிருந்தால், நான் மத்தியானச் சோற்றுக்கு வீட்டில் இருந்திருப்பேன்.

அந்த ஆலைக்கு அதன் பிறகு நான் தயார் பண்ணிக் கொடுத்த தாள்களை எப்படிப் போட்டேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். 10 முதல் 60 கருவிகள் வரை உள்ள இடம் எதற்கும் இது பொருந்தும். மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக் கடை, நாகர்கோவிலில் ஒரு கிளினிக், ஒரு பள்ளிக்கூடம், மூன்று மாடி வீடு, எதுவானாலும் சரி. பெரிய கல்லூரி வளாகம் என்றால் கடைசியில் ஒரு வார்த்தை சொல்கிறேன்.

முதலில் கால், அப்புறம் லேப்டாப்

நெட்வொர்க்கை எழுது என்றால் நம் பையன்கள் முதலில் செய்வது லேப்டாப்பைத் திறந்து ஸ்கேன் விடுவது. வேண்டாம். ஸ்கேன் காட்டுவது ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒரு கருவிக்குக் கொடுத்த எண்) உள்ள கருவிகளை மட்டும்தான். சீலிங்குக்குள் ஒளிந்திருந்த அந்த 5 போர்ட் ஸ்விட்ச் மாதிரி சாதாரண ஸ்விட்சுகளுக்கு ஐபியே கிடையாது, அவை எந்த ஸ்கேனிலும் வராது. ராத்திரி 11 மணி ஆக்கியது அதுதான்.

அதனால் ஒரு கோடு போடாத நோட்டு, பென்சில், டார்ச், மாஸ்கிங் டேப், அழியாத மார்க்கர், சார்ஜ் உள்ள போன், ஒரு லேன் டெஸ்டர். இவ்வளவு போதும். பென்சில் என்று சொல்வது வேண்டுமென்றே, முதல் நாள் எழுதுவதில் பாதி அழிக்க வேண்டியிருக்கும்.

கட்டடத்தை மேலே இருந்து பார்த்த மாதிரி ஒரு பக்கம் வரைந்துகொள்ளுங்கள். அளவு சரியாக வேண்டாம், அறை எது கதவு எது தெரிந்தால் போதும். அறைக்கு அங்கே வேலை செய்பவர்கள் சொல்லும் பெயரையே எழுதுங்கள். பிளானில் 'ஸ்டோர் 2' என்று இருக்கும், ஆனால் அங்கே எல்லோருக்கும் அது 'பழைய பீலிங்'. உங்கள் தாளில் 'ஸ்டோர் 2' என்று இருந்தால் அவசரத்தில் போன் பண்ணுகிறவருக்கும் உங்களுக்கும் நடுவில் பத்து நிமிஷம் வீணாகும்.

நடையை இன்டர்நெட் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் தொடங்குங்கள். தூணில் இருந்து வரும் ஃபைபர் எந்தச் சுவரில் துளைத்து உள்ளே வருகிறது, ஃபைபர் மோடம் எங்கே, அதிலிருந்து ரூட்டர், ரூட்டரிலிருந்து முதல் ஸ்விட்ச், அதிலிருந்து அடுத்தது. ஆற்றோடு நடப்பது மாதிரி நடக்க வேண்டும், கால்வாய் பிரிகிற இடம் ஒவ்வொன்றிலும் நின்று எழுத வேண்டும். ஒரு பெட்டியில் எத்தனை போர்ட், எத்தனை நிரம்பியிருக்கிறது, எத்தனையில் விளக்கு எரிகிறது. இந்த மூன்று எண்ணையும் எழுதிவிடுங்கள். பின்னால் கணக்கு இடிக்கும்போது இவைதான் காட்டிக்கொடுக்கும்.

எதையும் தொடும் முன் போட்டோ. ஒவ்வொரு ஸ்விட்சின் முன்பக்கம், கேபிள் மாட்டியிருக்கும் நிலையிலேயே, எந்தக் கேபிள் எந்த ஓட்டையில் என்று தெரிகிற அளவுக்குப் பக்கத்தில் போய். அப்புறம் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், அதில்தான் மாடல், சீரியல் எண், மேக் முகவரி (தயாரிக்கும்போதே கருவிக்குக் கொடுத்த அடையாள எண்) எல்லாம் இருக்கும். சுவரில் திருகிய ரூட்டரின் ஸ்டிக்கர் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும், அதற்காகக் கழற்ற வேண்டாம். இடைவெளி இருந்தால் போனின் செல்ஃபி கேமராவை வீடியோவில் போட்டு ஃப்ளாஷுக்குப் பதில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து உள்ளே நுழையுங்கள், அப்புறம் வீடியோவை நிறுத்திப் படித்துக்கொள்ளலாம். எழுத்து தலைகீழாக வரும், அது ஒரு பிரச்சினையில்லை.

ஒயரைப் பின்தொடர்வது

இதுதான் இருப்பதிலேயே எரிச்சலான வேலை, இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் சும்மா. ஸ்விட்சில் உள்ள ஒவ்வொரு கேபிளின் மறுமுனையும் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும்.

எளிய வழி, வேலை நேரம் முடிந்த பிறகு ஒருவர் அந்தப் பக்கம் கம்ப்யூட்டரின் பின்னால் கேபிளைக் கழற்ற, நீங்கள் ஸ்விட்சில் எந்த விளக்கு அணைகிறது என்று பார்ப்பது. போனில் பேசிக்கொண்டே செய்யலாம். "அக்கா, ஜன்னலோர சிஸ்டம்... கழட்டியாச்சா? சரி, ஏழு." ஏழு என்று டேப்பில் எழுதி இரண்டு முனையிலும் உடனே ஒட்டிவிட வேண்டும், 'எல்லாம் முடிச்சிட்டு ஒட்டலாம்' என்று நினைத்தால் பன்னிரண்டாவது கேபிளில் குழம்பிப்போவீர்கள். நான் குழம்பியிருக்கிறேன்.

விளக்கே எரியாத கேபிளுக்கு டோன் டெஸ்டர் வேண்டும். ஒரு முனையில் பீப் அனுப்பும் பெட்டியை மாட்டிவிட்டு, மறுமுனை இருக்கலாம் என்று தோன்றும் இடத்தில் பேனா மாதிரி இருக்கும் கருவியைக் காட்டினால் சரியான கேபிளில் சத்தம் கேட்கும். மாட்டும் முன் அந்தக் கேபிளை ஸ்விட்சிலிருந்து கழற்றிவிடுங்கள், கேமராவுக்குக் கரண்ட் அனுப்பும் பிஓஇ போர்ட்டில் மாட்டி டெஸ்டரைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

ஒரு சின்ன விஷயம், பலர் கவனிப்பதில்லை. நல்ல கேபிளின் உறை மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு எண் அச்சாகியிருக்கும், 305 மீட்டர் பெட்டியில் அது வரிசையாக ஓடும். ஒரு முனையில் தெரியும் எண்ணையும் மறுமுனையில் தெரியும் எண்ணையும் கழித்தால் கேபிளின் நீளம். அந்த ஆலையின் கேட் கேமராவில் ஒரு பக்கம் 287, மறுபக்கம் 149. கழித்தால் 138 மீட்டர். செப்புக் கேபிளுக்குக் கணக்கு 100 மீட்டர்தான், அதிலும் சுவருக்குள் ஓடுவது 90, மிச்சம் 10 இரண்டு பக்கத்துப் பேட்ச் கார்டுக்கு (கருவியில் செருகும் சின்னக் கேபிள்). வாட்ச்மேன் அண்ணன் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த புகார் அப்போதுதான் எனக்குப் புரிந்தது: "பகல்ல நல்லாத்தான் இருக்கும், ராத்திரி ஆனா படம் போயிரும்." இருட்டினால் கேமராவின் அகச்சிவப்பு விளக்கு எரியும், அதற்குக் கூடுதல் கரண்ட் வேண்டும், அவ்வளவு நீளத்தில் அது போய்ச் சேருவதில்லை. இரண்டு தடவை கேமரா மாற்றியிருக்கிறார்கள். நீளத்தை எழுதி வைத்திருந்தால் ஒரு தடவைகூட மாற்றியிருக்க வேண்டாம். அதனால் அட்டவணையில் நீளத்துக்கு ஒரு கட்டம் கட்டாயம் வையுங்கள்.

இப்போது ஸ்கேன்

கால் வலித்த பிறகு உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. முதலில் விண்டோஸ் கம்ப்யூட்டரில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ipconfig /all என்ற கட்டளையைக் கொடுங்கள். உங்கள் ஐபி, கேட்வே (வெளி நெட்டுக்குப் போகும் வாசல்), டிஎன்எஸ் (இணையப் பெயரை ஐபியாக மாற்றிக் கொடுப்பது), உங்களுக்கு ஐபி கொடுத்த டிஹெச்சிபி சர்வர் யார் என்பதெல்லாம் வரும். கேட்வேயும் டிஹெச்சிபி சர்வரும் சின்ன இடங்களில் பெரும்பாலும் ஒரே ரூட்டர்தான். இரண்டு மூன்று கம்ப்யூட்டரில் இதைப் பாருங்கள். ஒன்றில் 192.168.1.1, இன்னொன்றில் 192.168.0.1 என்று வந்தால் யாரோ வீட்டிலிருந்து ஒரு பழைய வைஃபை ரூட்டரைக் கொண்டுவந்து செருகியிருக்கிறார்கள் என்று அர்த்தம், அதுவும் தன் பங்குக்கு ஐபி விநியோகம் பண்ணிக்கொண்டிருக்கிறது. பில்லிங் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது என்று சொல்கிற கடைகளில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

அப்புறம் ஆங்ரி ஐபி ஸ்கேனர், அல்லது போனில் ஃபிங், அல்லது என்மேப். உங்களுக்குப் பழகியது எதுவானாலும். 192.168.1.0/24 என்றால் 254 முகவரிகள், ஒன்றிரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். சில கருவிகள் பிங்குக்குப் பதில் சொல்லாது, ஆனால் ஸ்கேன் முடிந்த கையோடு ஏஆர்பி பட்டியலை, அதாவது எந்த ஐபிக்கு எந்த மேக் என்று கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பட்டியலைப் பார்த்தால் அவற்றின் மேக் முகவரி அதில் மாட்டியிருக்கும். உங்களைக் கூப்பிட்ட இடத்தின் நெட்வொர்க்கில் மட்டும் இதைச் செய்யுங்கள், பக்கத்துக் கடை வைஃபை பாஸ்வேர்ட் தெரியும் என்பதற்காக அங்கேயும் விட வேண்டாம்.

ஒரு ஸ்கேன் போதாது. காலை 11 மணிக்கு ஒன்று, எல்லோரும் போன பிறகு ஒன்று. ராத்திரி ஸ்கேனில் எஞ்சி நிற்பவைதான் நிரந்தரமானவை: டிவிஆர் (கேமராப் படத்தைப் பதிவு செய்யும் பெட்டி), கேமரா, கைரேகை மெஷின், பிரிண்டர். பகல் பட்டியலில் கூட்டம் போடுபவை பாதி போன்கள். போனை அட்டவணையில் ஏற்ற முயற்சிக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு 10இலிருந்தும் ஐஓஎஸ் 14இலிருந்தும் போன்கள் வைஃபையில் உண்மையான மேக் முகவரிக்குப் பதில் ஒரு பொய் முகவரியைக் காட்டுகின்றன. மேக் முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ (A), இ (E) இவற்றில் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் இந்த மாதிரிப் பொய் முகவரிதான். மற்றவற்றில் முதல் ஆறு எழுத்து தயாரித்த கம்பெனியைச் சொல்லும், 'பெயர் தெரியாத கருவி' என்று வருவதில் பாதியை இதை வைத்தே தீர்த்துவிடலாம்.

ஸ்கேனில் வராதவையும் உண்டு. கேமராவை நேராக என்விஆரின் (ஐபி கேமராக்களைப் பதிவு செய்யும் பெட்டி) பின்பக்க போர்ட்டில் மாட்டியிருந்தால் அவை என்விஆருக்குள் ஒரு தனி வலையில் இருக்கும், உங்கள் ஸ்கேன் அங்கே எட்டாது. என்விஆரின் மெனுவில் போய்த்தான் எடுக்க வேண்டும். ஃபேக்டரியில் போட்டுக்கொடுத்த ஐபியை மாற்றாமலே விட்ட கருவியும் வேறு வரிசையில் கிடக்கும்.

இனி கணக்கு. நடந்து எண்ணியதையும் ஸ்கேனில் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நடையில் இருந்து ஸ்கேனில் இல்லாதது, ஸ்கேனில் இருந்து நடையில் இல்லாதது, இந்த இரண்டு பட்டியலும்தான் உங்களுடைய உண்மையான வேலை. மேனேஜ்டு ஸ்விட்ச் (உள்ளே நுழைந்து செட்டிங் பார்க்கக்கூடிய வகை) இருந்தால் ஒரு நல்ல குறுக்குவழி இருக்கிறது: அதன் மேக் அட்டவணையில் எந்த மேக் முகவரி எந்தப் போர்ட்டில் என்று வரும். ஒரு போர்ட்டுக்கு ஒரு முகவரி என்றால் அங்கே ஒரு கருவி. போர்ட் 11இல் நான்கு முகவரி என்றால் அந்தக் கேபிளின் மறுமுனையில் ஒரு வைஃபை பெட்டியோ, யாரும் சொல்லாத ஒரு ஸ்விட்சோ இருக்கிறது. ஏணியைத் தூக்கிக்கொண்டு அங்கே போங்கள்.

பெயர், லேபிள், எண்

கருவிக்கு ஆள் பெயர் வைக்காதீர்கள். 'ராணி அக்கா சிஸ்டம்' என்று நான் ஓரிடத்தில் பார்த்தேன், ராணி அக்கா கல்யாணமாகி வேலையை விட்டு ஆறு வருஷம். 'புது ஸ்விட்ச்' என்றும் வேண்டாம், அது பழசான பிறகு இன்னொன்று வரும். இடம், வகை, எண். தரைத்தளத்து ஸ்விட்ச் ஒன்று என்றால் 'த-ஸ்1', அதன் ஏழாவது போர்ட் 'த-ஸ்1-07'. இந்தக் கடைசி எழுத்துதான் கேபிளின் பெயரும், இரண்டு முனையிலும் அதே லேபிள்.

லேபிள் மெஷினில் வரும் மலிவான தெர்மல் ஸ்டிக்கர் நம் ஊர் வெக்கையில் ஒரு வருஷத்தில் வெளுத்துவிடும், மழைக்காலத்து ஈரத்தில் பசை விட்டுவிடும். கேபிள் டையிலேயே எழுதுவதற்கு ஒரு நாக்கு நீட்டிய மாதிரி வரும், அதில் அழியாத மார்க்கரால் எழுதி முனையிலிருந்து ஒரு சாண் உள்ளே கட்டுவது எனக்குப் பிடித்த முறை. முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் பண்ணினாலும் (புது முனையை அழுத்திப் போட்டாலும்) லேபிள் போகாது. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி மாதிரிக் கடலோரம் என்றால் கிரிம்ப் பண்ணிய மாதத்தையும் அதில் எழுதுங்கள். உப்புக் காற்றில் ஆர்ஜே 45 முனையின் பின்கள் பச்சை பிடித்துப்போகும், நெட் விட்டுவிட்டு வருகிறது என்று புகார் வந்தால் முதலில் எந்த முனையை வெட்ட வேண்டும் என்று அந்த மாதம் சொல்லும்.

ஐபிக்கும் ஒரு பங்கீடு செய்துவிடுங்கள். நான் போடுவது, ஐபியின் கடைசி எண்ணில்: 1 முதல் 9 வரை ரூட்டர், ஸ்விட்ச், வைஃபை பெட்டிகள், 10 முதல் 29 வரை பிரிண்டர், கைரேகை மெஷின், எடை மேடை, 30 முதல் 99 வரை கேமராவும் டிவிஆரும், 100 முதல் 199 வரை ரூட்டர் தானாகக் கொடுப்பதற்கு. மிச்சம் காலி. இந்த எண்கள் வேதம் இல்லை, ஆனால் ஒரு எல்லை இருக்க வேண்டும். பிரிண்டருக்குக் கையால் போட்ட ஐபி ரூட்டர் விநியோகிக்கும் வரிசைக்குள்ளேயே இருந்தால், அந்தப் பிரிண்டரை அணைத்து வைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவரின் போன் அதே ஐபியை வாங்கிக்கொள்ளும், திங்கட்கிழமை காலை பில் வராது.

அட்டவணையும் படமும்

அட்டவணைக்கு கூகுள் ஷீட்ஸ் போதும், லிப்ரேஆபிஸ் கால்க்கும் போதும். ஒரு கருவிக்கு ஒரு வரி. அந்த ஆலையின் தாளிலிருந்து ஒரு வரியை அப்படியே தருகிறேன்:

கிரேடிங் பிரிண்டர், கிரேடிங் அறை வடக்குச் சுவர், ஐபி 192.168.1.21 (ரூட்டரில் ரிசர்வ்), மேக் முகவரி போட்டோ எண் 14இல், கேபிள் த-ஸ்2-03, நீளம் 9 மீட்டர், கரண்ட் சாதா பிளக் (யுபிஎஸ் இல்லை), வாங்கிய பில் நீல ஃபைலில், பார்த்து எழுதிய தேதி.

கடைசியில் உள்ள தேதிதான் முக்கியம். 'யாரோ சொன்னது' என்பதற்கும் 'நான் கண்ணால் பார்த்தது' என்பதற்கும் வித்தியாசம் அது. பார்க்காமல் கேட்டு எழுதியதற்கு நான் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுவேன், வெட்கப்பட ஒன்றுமில்லை.

படம் இரண்டு வேண்டும், ஒன்றில் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். முதல் படம் கட்டட வரைபடத்தின் மேல்: பெட்டி எங்கே, கேபிள் எந்தச் சுவர் வழியாக, எந்த சீலிங் வழியாக. இரண்டாவது படத்தில் சுவரும் கதவும் கிடையாது, மேலே இன்டர்நெட், அடியில் ரூட்டர், அதற்கு அடியில் ஸ்விட்சுகள், கிளைகளில் கருவிகள், பக்கத்தில் ஐபி. கேமராவுக்குத் தனி விலேன் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்து வைத்த தனி வலை) இருந்தால் அதுவும் இதில்தான். டிரா.ஐஓ என்ற இலவசக் கருவியில் அரை நாளில் போட்டுவிடலாம். வரையப் பிடிக்காதவர்கள் ஸ்கேலும் ஸ்கெட்ச் பேனாவும் வைத்துப் போட்டு போனில் ஸ்கேன் எடுத்தாலும் நூற்றுக்கு நூறு வேலை செய்யும். அழகான ஐகான் தேடி ஒரு நாளைக் கழித்தவர்களின் படங்களில் போர்ட் எண் இருக்காது, நான் பார்த்தவரைக்கும்.

பிஓஇ ஸ்விட்ச் இருந்தால் படத்தில் அதன் பக்கத்தில் மொத்த வாட்டை எழுதுங்கள். பழைய வகையில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், அடுத்த வகையில் 30. ஆனால் எட்டு போர்ட் சின்ன ஸ்விட்சின் அடியில் 'மொத்தம் 60' என்று இருந்தால் எட்டிலும் 15.4 கிடைக்காது, இன்னொரு கேமராவைப் பற்றிப் பேச வருகிறவருக்கு இந்த ஒரு எண்ணைக் காட்டினால் போதும். வைஃபை பெட்டிகளுக்கு சேனல் எண்: 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வழக்கமாகப் போடுவது 1, 6, 11.

சிவப்புக் கோடு

நம் மாவட்டத்துக்கென்று நான் சேர்க்கும் ஒரு விஷயம். கட்டடத்தை விட்டு வெளியே போகும் செப்புக் கேபிள் ஒவ்வொன்றையும் முதல் படத்தில் சிவப்பால் போடுங்கள். கேட் கேமரா, காம்பவுண்ட் கேமரா, எதிர்க் கட்டடத்துக்குப் போகும் லைன், மொட்டை மாடி. இங்கே இரண்டு பருவமழையும் உண்டு, சித்திரை வைகாசியிலும் ஐப்பசியிலும் சாயங்காலமானால் இடி. வெளியே நீளமாக ஓடும் செப்பு இடியின் அதிர்ச்சியை நேராக உள்ளே கொண்டுவந்து கொடுக்கும். அந்த ஆலையில் சிவப்புக் கோடுகள் நான்கு. நான்கையும் பெரிய ஸ்விட்சிலிருந்து பிரித்து ஒரு தனிச் சின்ன ஸ்விட்சில் போட்டு, நடுவில் கரண்டைக் கடத்தாத ஃபைபர் கொடுத்தோம், இனி போனால் அது மட்டும் போகும். ரேக் கதவில் ஒரு தாள்: 'வானம் கறுத்தால், இடி தொடங்கும் முன், சிவப்பு டேக் உள்ள நான்கையும் கழற்றவும்.' முன் என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு போட்டேன். தலைக்கு மேல் இடித்துக்கொண்டிருக்கும்போது போய்க் கேபிளைப் பிடிக்க வேண்டாம், ஸ்விட்ச் போனால் வாங்கிக்கொள்ளலாம்.

கரண்டையும் எழுதுங்கள். எந்தப் பெட்டி எந்த யுபிஎஸ்ஸில், அந்த யுபிஎஸ் எந்த எம்சிபியில், பேட்டரி எந்த மாதம் மாற்றியது. நெட் போச்சு என்று கூப்பிட்டவர்களில் எத்தனை பேருக்கு சீலிங்கில் ஒரு அடாப்டர் மட்டும் போயிருந்தது என்று கணக்கு வைத்திருந்தால் நானே ஆச்சரியப்படுவேன்.

எழுத வேண்டியதும் எழுதக் கூடாததும்

இன்டர்நெட் இணைப்பின் வாடிக்கையாளர் எண், யார் பெயரில், எந்த மொபைல் எண்ணில் பதிவாகியிருக்கிறது, பிபிபிஓஇ (ரூட்டர் இன்டர்நெட் கம்பெனியோடு லாகின் ஆகும் முறை) யூசர் பெயர், நிலையான ஐபி இருந்தால் அது. இதெல்லாம் கட்டாயம். அந்த ஆலையின் இணைப்பு பதிவாகியிருந்ததும் நம் மஸ்கட் பையனின் பழைய எண்ணில்தான், ஓடிபி அங்கே போய்க்கொண்டிருந்தது. மாற்ற மூன்று வாரம் பிடித்தது.

பாஸ்வேர்டை இந்தத் தாளில் எழுதாதீர்கள். ரேக்கில் தொங்கும் தாள் அது, வெள்ளையடிக்க வருகிறவரும் போட்டோ எடுக்கலாம். 'பாஸ்வேர்ட் முதலாளி லாக்கரில், ஒட்டிய கவரில்' என்று இருக்கும் இடத்தை மட்டும் எழுதுங்கள். கம்ப்யூட்டரில் வைப்பதென்றால் கீபாஸ் இலவசம். ரூட்டரின் செட்டிங்கை ஒரு ஃபைலாக இறக்கித் தேதியோடு ஒரு பென்டிரைவில் போட்டு அதையும் அந்தக் கவருக்குள் வைத்தால், ரூட்டர் செத்த அன்று அதே மாடலில் வேறொன்று வாங்கிப் பத்து நிமிஷத்தில் உயிர் கொடுக்கலாம்.

எல்லாம் கூகுள் டிரைவில் இருக்கிறதே என்று காகிதத்தை விட்டுவிட வேண்டாம். நெட் போன அன்றுதான் இந்தத் தாள் வேண்டும், நெட் இருந்தால்தான் டிரைவ் திறக்கும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்த பிறகு எத்தனை நாள் இங்கே கரண்டே இல்லாமல் இருந்தோம் என்று ஓர்மை இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு பிரிண்ட்: ஒன்று லாமினேட் பண்ணி ரேக் கதவின் உள்பக்கம், ஒன்று ஆபீஸ் ஃபைலில்.

நூற்றுக்கணக்கில் கருவி உள்ள கல்லூரி, மருத்துவமனை என்றால் எக்செல் ஒரு கட்டத்துக்கு மேல் தாங்காது. நெட்பாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, டிஜிட்டல்ஓஷன் கம்பெனி தன் தேவைக்கு உருவாக்கி 2016இல் திறந்த மூலமாக வெளியிட்டது. ரேக், கேபிள், ஐபி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்து வைத்துக்கொள்ளும். 40 கருவிக்கு அதை நிறுவுவது கொசுவுக்குக் கோடாலி.

அப்புறம் ஒரு நோட்டு. ரேக்கிலேயே நூலால் கட்டித் தொங்கவிட்டு, பேனாவையும் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் பேனா போய்விடும். தேதி, யார், என்ன மாற்றினார். எலக்ட்ரீசியன் ஆனாலும் கேமராக்காரர் ஆனாலும் எழுதிய பிறகுதான் ஏணியை மடக்க வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லி வைத்தேன். மாதம் ஒரு தடவை நோட்டில் உள்ளதைத் தாளில் ஏற்றினால் போதும்.

தாள் சரியா என்று நீங்களே பார்த்தால் தெரியாது, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. நெட்வொர்க் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். நான் கணக்குப் பார்க்கும் அக்காவிடம் கொடுத்து, "கிரேடிங் பிரிண்டரோட கேபிள் ஸ்விட்சுல எதுன்னு காட்டுங்க பாப்போம்" என்றேன். அவர் தாளைப் பார்த்தார், ரேக்கைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "இதுல த-ஸ்2ன்னு போட்டிருக்கு, த-ஸ்2 இங்க இல்லியே தம்பி?" த-ஸ்2 சீலிங்கிலிருந்து இறக்கி கிரேடிங் அறைச் சுவரில் நான் மாட்டிய அந்த 5 போர்ட் ஸ்விட்ச். படத்தில் அதை வரைந்திருந்தேன், ஆனால் அட்டவணையில் அது எந்த அறையில் என்று ஒரு வரி இல்லை. சேர்த்தேன். சேர்த்துவிட்டு அவரோடு கிரேடிங் அறைக்குப் போனால், மூன்றாவது போர்ட்டில் பிரிண்டர் இல்லை, ஐந்தாவதில் இருந்தது. "ரெண்டு ஒயர் நேத்து தூசி தட்டும்போது கழண்டுச்சு, நான்தான் கையில கெடச்ச ஓட்டையில சொருகினேன்" என்றார். நோட்டை எடுத்து நீட்டினேன். முதல் வரி அவர் கையெழுத்தில் இருக்கிறது.